தொண்ணூற்றிரண்டு அடி வயர்

துபாய்
6 ஜூன் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செல்லதுரை எழுதுகிறேன். நான் சுகம். வெளியே வெயில் ஆளை வறுத்தெடுக்கிறது, கடைக்குள் ஏ.சி. இருப்பதால் பிழைத்துக் கிடக்கிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானுக்கு மிளகுத் தூசி இருமல் குறைந்ததா? கிடங்கில் மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளச் சொல் என்று போன தடவையே எழுதினேன்.

ஏப்ரல் கடைசியில் ராமபத்ரன் சேட்டன் கையில் கொடுத்துவிட்ட ஸ்டீரியோ செட் வந்து சேர்ந்தது என்று நீ ஒரு வரி எழுதினாய். அது எப்படிப் பாடுகிறது என்று ஒருத்தரும் எழுதவில்லையே! எந்த ஸ்பீக்கரை எங்கே வைக்க வேண்டும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நாள் முழுக்கச் சொல்கிறேன், என் சொந்த வீட்டில் பாடுவது எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஸ்பீக்கரையும் ஆறடி இடைவெளி விட்டு, உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வை. அந்த மிஷினில் இன்னொரு விசேஷம் உண்டு. ஒரு பக்கம் முடிந்தால் கேசட்டைத் திருப்பிப் போட வேண்டாம், தானாகவே அடுத்த பக்கம் ஓடும். கடையில் இருந்த பதினான்கு மிஷினில் இதற்காகத்தான் அதை எடுத்தேன்.

கூட வைத்திருந்த கேசட்டில் ஏ பக்கம் உங்கள் எல்லோருக்கும் பேசினேன். பி பக்கம் ஓமனாவுக்கு மட்டும். அதைக் கேட்டுவிட்டு எழுதுவாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து வாரம் ஒரு கடிதம் மலையாளத்தில் எழுதுகிறவள், மே மாதம் முதல் ஒரு வரி எழுதவில்லை. என்மேல் ஏதாவது கோபமா? நீ கேட்டு எழுது அக்கா. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தானுக்கு என் வணக்கம்.

செல்லதுரை

மட்டாஞ்சேரி
24 ஜூன் 1982

என் தம்பி செல்லதுரைக்கு,

அக்கா ஆவுடையம்மாள் ஆசியோடு எழுதிக்கொண்டது. நீ கேட்ட முழங்கால் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, மழை வந்ததும் முனக ஆரம்பித்துவிட்டது. அத்தான் துண்டு கட்டிக்கொள்வதில்லை. "மூக்கைக் கட்டினா மிளகு நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரியும்?" என்கிறார். அவரிடம் யார் வாயைக் கொடுப்பது?

செட்டு ஜோராக இருக்கிறது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

ஒரு சந்தேகம் கேட்கிறேன். ஸ்பீக்கரில் ஒன்றை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? பெட்டியோடு வந்த வயர் எட்டிப் போகாது. தோப்பும்படியில் ரேடியோ ரிப்பேர் செய்கிற சிவராமகிருஷ்ணனிடம் காலிங்பெல் வயர் வாங்கி ஒட்டுப் போட்டு இழுத்தால் சத்தம் பழையபடி வருமா? நான் பாட்டுக்காகக் கேட்கவில்லை, பேச்சுக்காகக் கேட்கிறேன். ஒரு ஆள் மெதுவாகப் பேசினால் அந்த முனையில் சொல் சொல்லாகப் புரிய வேண்டும். ஸ்பீக்கருக்குத் தனியாகக் கரண்டு வேண்டாம், பெட்டிக்கு இருந்தால் போதும் என்று நீ சொன்னாயே, அது உறுதிதானே? நீ படித்த படிப்பு இதற்காவது உதவட்டும்.

ஓமனாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுதுவாள். நீ அதையே நினைத்து வயிற்றுப் புண்ணைக் கிளப்பிக்கொள்ளாதே. மோர் குடி.

அக்கா

துபாய்
9 ஜூலை 1982

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மோர் குடிக்கிறேன், டப்பாவில் வருகிற மோர், வாயில் வைக்க முடியவில்லை. மழையில் சந்தில் தண்ணீர் நிற்கும், பார்த்து நட.

நீ கேட்ட விஷயம். எங்கள் கடையில் தினமும் பத்துப் பேர் கேட்கிற கேள்வி இது, ஆனால் நீ கேட்பாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

வயர் நீளமானால் சத்தம் கெடுமா என்றால், நீளத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வயர் எவ்வளவு தடிமன் என்றும் பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து கிளம்புகிற சக்தி செம்புக் கம்பி வழியாகப் போகிறது. கம்பி மெல்லியது, வழி நீளம் என்றால் பாதி சக்தி வழியிலேயே தீர்ந்துவிடும். மீதிதான் ஸ்பீக்கருக்குப் போகும். சத்தம் குறையும், அடிக்குரல் தெளிவில்லாமல் குழம்பும். காலிங்பெல் வயர் பத்துப் பதினைந்து அடிக்குப் பரவாயில்லை. அதைத் தாண்டினால் நல்ல தடிமனான வயர் வேண்டும். தடிமனாக இருந்தால் நூறு அடி போனாலும் மனிதக் காதுக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு ஸ்பீக்கருக்கும் வயர் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று கடையில் நாங்கள் சொல்வோம். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன், நாலடி கூடக் குறைய இருந்தால் ஒரு பிசகும் இல்லை. ஒட்டுப் போடுகிற இடத்தை மட்டும் இறுக்கமாக முறுக்கு. ஸ்பீக்கருக்குத் தனிக் கரண்டு தேவையில்லை.

பெட்டியின் முகத்தில் 'பாலன்ஸ்' என்று ஒரு குமிழ் இருக்கும். அதை ஒரு பக்கமாகக் கடைசிவரை திருப்பினால் அந்தப் பக்க ஸ்பீக்கர் மட்டும்தான் பேசும், மற்றது வாயை மூடிக்கொள்ளும்.

எத்தனை அடி என்று எழுதினால் எந்தத் தடிமன் என்று கணக்குப் போட்டுச் சொல்வேன்.

அக்கா, வயரைப் பற்றி நீ பத்து வரி எழுதியிருக்கிறாய். ஓமனாவைப் பற்றி ஒன்றரை வரி. நான் எண்ணிப் பார்த்தேன்.

செல்லதுரை

மட்டாஞ்சேரி
27 ஜூலை 1982

தம்பி செல்லதுரைக்கு,

நீ எழுதியதை அத்தானை உட்காரவைத்து இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். புரிந்ததுபோலத் தலையாட்டினார். இங்கே எல்லோரும் சுகம். உனக்கு அந்த டப்பா மோர் வேண்டாம், தயிர் வாங்கி நீயே கடைந்து குடி. ஆம்பிளை கடைந்தால் வெண்ணெய் திரளாதா என்ன?

வரி எண்ணுகிறானாம் வரி! நீ கடையில் ஸ்பீக்கர் விற்கிறாயா, இல்லை பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்துகிறாயா?

பெல் வயரை இழுத்துப் பார்த்தாயிற்று. நீ சொன்ன மாதிரியேதான் ஆயிற்று. போர்வைக்குள் இருந்துகொண்டு பேசுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு வருகிறதாம், சொல் பிடிபடவில்லையாம். சத்தத்தைக் கூட்டினால் கொரகொர என்கிறதாம். இரண்டு நாள் ஆன பிறகு ஒட்டுப் போட்ட இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கி, அதுவும் நின்றுபோயிற்று. என்ன வயர் வாங்க வேண்டும் என்று நேராக எழுது. நீளம் கொஞ்சம் கூடத்தான்.

ஓமனா மெலியவில்லை. உன் கடிதங்களெல்லாம் அவள் கையில் சேர்கின்றன. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அக்கா

மாப்பிள்ளை, பிச்சைமணி எழுதுகிறேன். தபாலில் போட உன் அக்கா என்னிடம் கொடுத்தாள். ஓரத்தில் இடம் இருந்தது. நீளத்தை எழுத மறந்துவிட்டாள். கிடங்கு டேப்பைக் கொண்டுவந்து நானே அளந்தேன். தொண்ணூற்றிரண்டு அடி. அவள் எழுதாத வேறு எதையும் நான் எழுதவில்லை. இருமல் பரவாயில்லை.

துபாய்
10 ஆகஸ்ட் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

நம் வீடு நான் பிறந்து வளர்ந்த வீடு. வாசற்படியிலிருந்து கொல்லைச் சுவர்வரை இருபத்திரண்டு அடி. வயரைச் சுவரோரமாக வளைத்து வளைத்து இழுத்தாலும் நாற்பதைத் தாண்டாது. அத்தான் தொண்ணூற்றிரண்டு என்கிறார்.

ராத்திரி பகல் யோசித்தேன். வாசலைத் தாண்டி, சந்தைக் கடந்து, பொதுக்கிணற்றைச் சுற்றி, இஞ்சி காயப்போடுகிற முற்றத்தையும் தாண்டினால், மூன்றாவது வீடு காளியம்மை அத்தை வீடு, ஓமனா பிறந்த வீடு. அங்கே இன்னும் கரண்டு இழுக்கவில்லை, மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஸ்பீக்கருக்குக் கரண்டு வேண்டாம்தானே என்று நீ ஜூன் மாதம் கேட்டது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஸ்பீக்கர் விற்கிறவன் என்று பெயர், மண்டையில் களிமண்.

அக்கா, ஓமனா அந்த வயரின் எந்த முனையில் இருக்கிறாள்?

செல்லதுரை

மட்டாஞ்சேரி
29 ஆகஸ்ட் 1982

தம்பிக்கு,

அந்த முனையில்தான் இருக்கிறாள். மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை போனவள்.

உன் அத்தானை நான் ஒன்றும் சொல்லவில்லை, ஒருநாள் முழுக்கப் பேசவில்லை, அவ்வளவுதான். நீ கேட்டுவிட்டாய், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். பாதியில் நிறுத்தி மோர் குடித்துவிட்டு வாசி.

செட்டு வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவைக் கூப்பிட்டேன். பெருமைதான், வேறென்ன? என் தம்பி அனுப்பியது. லோகாம்பாள், அவள் மருமகள், மிளகுக் கிடங்கு ஆட்கள் என்று வாசல்வரை கூட்டம். நீ ஏ பக்கத்தில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி விசாரித்தாய், லோகாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் சாயா போட நான் அடுக்களைக்குப் போனேன். ஏ பக்கம் முடிந்ததா? நின்றுவிடும் என்று நினைத்தேன். உன் விசேஷ மிஷின் நிற்கவில்லை. தானாகவே அடுத்த பக்கம் ஓடிற்று.

என் பொன்னே என்று நீ அவளைக் கூப்பிட்டது கடைத்தெருவரை கேட்டிருக்கும். கிடங்கு ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நான் சாயாத் தட்டோடு வாசலுக்கு வரும்போது நீ என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாய். "அக்காவுக்கு மனசு நல்லதுதான், ஆனா வாயை அடக்கத் தெரியாது. அந்த வீட்டில நீ மூச்சு விடவும் கஷ்டப்படுறேன்னு எனக்குத் தெரியும். நான் வந்ததும் தனி வீடு பார்க்கலாம்." இத்தனையும் என் காதால் கேட்டேன். தெருவும் கேட்டது. ஓமனா ஓடிவந்து எதையோ அமுக்கி நிறுத்தினாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போது நான் வாயை மூடியிருக்க வேண்டும். நீ சொன்னது சரி என்று அந்த இடத்திலேயே நிரூபித்தேன். "என் தம்பியை என்கிட்ட இருந்து பிரிக்க நீ சொல்லிக் கொடுத்த பாடத்தைத்தானே அவன் ஒப்பிக்கிறான்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவள் குடையை எடுத்தாள், போனாள்.

நாத்தனாரான என்னை அவள் மயினி என்று கூப்பிடுவாள், உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு முப்பது தடவை கூப்பிடுவாள், உப்பு எங்கே மயினி, கப்பை வெந்துதா மயினி என்று. அப்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும். இப்போது நான்கு மாதமாக அந்தச் சத்தம் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை.

உன் பி பக்கத்தை அவள் பாதிதான் கேட்டாள். மீதி அப்படியே இருக்கிறது. சத்தியமாக நானும் கேட்கவில்லை. அது அவளுக்குச் சேர வேண்டியது. அவள் இங்கே வரமாட்டாள், அங்கே கரண்டு கிடையாது. அதற்குத்தான் வயர்.

அவள் உனக்கு எழுதாமல் இருப்பது உன்மேல் உள்ள கோபத்தினால்தான். "நான் எப்ப தனி வீடு கேட்டேன்? கேட்காத பழியை என் தலையில வச்சுட்டார்" என்று காளியம்மையிடம் அழுதாளாம். ஆகவே எழுதவில்லை.

எனக்கு உன்மேல் கோபம் இல்லை என்று எழுதலாம். எழுதினால் அது பொய்.

அக்கா

துபாய்
18 அக்டோபர் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. தினமும் எழுத உட்கார்வேன், அன்புள்ள அக்காவுக்கு என்பதோடு நின்றுவிடும். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட வெட்கமாக இருந்தது. எப்படி இருக்கிறது?

மீதிப் பாதியில் உன்னைப் பற்றி நல்லதும் பேசியிருக்கிறேன். அம்மா போன பிறகு நீ எனக்காக உன் கல்யாணத்தை நான்கு வருஷம் தள்ளிப் போட்டதையெல்லாம் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. முதலில் சொன்னதும் நான் சொன்னதுதான். அவள் கேட்கவே இல்லை அக்கா, தனி வீடு என் யோசனை. உன்னிடம் நேரே சொல்லத் தைரியம் இல்லாமல் அவளிடம் சொன்னேன். மிஷின் அதை உன் வாசலிலேயே சொல்லிவிட்டது. அதைத் தேர்ந்தெடுத்தவனும் நான்தான்.

ஓமனாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், இதையேதான் எழுதினேன். பதில் வரவில்லை.

ராமபத்ரன் சேட்டன் மறுபடி லீவில் வருகிறார். அவர் கையில் நாற்பது மீட்டர் வயர் கொடுத்துவிடுகிறேன், கடையிலேயே மிகத் தடிமனானது. ஒட்டே இல்லாமல் ஒரே துண்டாக இழு. இதில் நீ ரகசியம் பேசினாலும் அந்த முனையில் ரகசியமாகவே கேட்கும். பேட்டரியில் ஓடுகிற சின்ன டேப் ஒன்றும் கொடுத்துவிடட்டுமா? அதை அத்தை வீட்டில் கொடுத்துவிட்டால் வயரே தேவையில்லை.

இல்லாவிட்டால் இன்னொரு சுலபமான வழி இருக்கிறது. தொண்ணூற்றிரண்டு அடிதானே, நீயே நடந்து போய்ச் சொல்லிவிடேன்.

மார்ச்சில் எனக்கு லீவு. அதுவரை நீங்கள் இருவரும் இப்படியே இருந்தால் நான் எந்த வீட்டில் வந்து பெட்டியை இறக்குவது?

செல்லதுரை

மட்டாஞ்சேரி
9 நவம்பர் 1982

தம்பி செல்லதுரைக்கு,

உன் கடிதமும் வயரும் ஒரே நாளில் வந்தன. ராமபத்ரன் வைப்பினிலிருந்து போட்டில் வந்து இறங்கி, வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பாம்பாட்டி மாதிரி சந்துக்குள் நுழைந்தார். கனம் என்றால் அப்படி ஒரு கனம்! எங்கள் உடம்பு சுகம். உன் வயிறு எப்படி? எழுத மறந்தாய்.

பேட்டரி டேப் வேண்டவே வேண்டாம். அது போனால் அவளுக்கு அங்கேயே எல்லாம் ஆயிற்று. இந்த வீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் இப்போது இருப்பது இந்த வயர் ஒன்றுதான். அதையும் பிடுங்கிப் போடச் சொல்கிறாயா?

நடந்து போ என்கிறாய். நீ ஏழு கடல் தாண்டி இருந்துகொண்டு எழுதுவாய். எத்தனையோ நாள் கிளம்பினேன். கிணறுவரை போவேன், குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுவேன். வீட்டில் இரண்டு குடம் தண்ணீர்தான் மிச்சம் ஆகிறது. போய் நின்று, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? இந்த வயதில் அதைத் தாங்குகிற திராணி எனக்கு இல்லை.

சிவராமகிருஷ்ணன் வந்து வயரை உயரமாகக் கட்டிக்கொடுத்தான், மூட்டை தூக்குகிறவர்கள் தலையில் தட்டாத உயரம். கிணற்றடித் தென்னையில் ஒரு கட்டு, லோகாம்பாள் வீட்டுக் கூரை இறவாணத்தில் ஒரு கட்டு. அந்த முனையில் ஸ்பீக்கரில் மாட்டிவிட்டும் வந்தான். நீ சொன்ன குமிழை அவள் பக்கமாகக் கடைசிவரை திருப்பிவைத்து, உன் பி பக்கத்தின் மீதியைப் போட்டுவிட்டு நான் வெளியே போய் நின்றுகொண்டேன். முடிந்த பிறகுதான் உள்ளே வந்தேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். பதில் பேசி அனுப்ப என்று நீ கொடுத்த வெறும் கேசட் இருந்தது அல்லவா? அதில் நானே பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்காதே. அத்தானைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மைக்கைக் கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டு பேசினேன். மறுநாள் சாயங்காலம் அதை வயரில் விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் காளியம்மை கிணற்றடிக்கு வந்தாள். "கேட்டுதா?" என்றேன். "ஒண்ணும் கேக்கலையே மோளே. ஓமனகிட்டயும் கேட்டேன், ஒண்ணும் கேக்கலைன்னு சொல்லுதா" என்றாள். அடுத்த நாளும் போட்டேன். கேட்கவில்லையாம். சத்தத்தைக் கூட்டிப் போட்டேன். கேட்கவில்லையாம். இதுவரை ஆறு நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் நான் இங்கே வாசலில் வந்து நிற்கிறேன், அங்கே ஒன்றும் போய்ச் சேரவில்லை.

உன் தடிமன் வயர் இவ்வளவுதானா? கனத்தில் மட்டும்தான் பெரிய ஆளா? என்ன கோளாறு என்று உடனே எழுது. நான் ஒரு தடவை பேசியதே பெரிது, மறுபடி பேச என்னால் ஆகாது.

அக்கா

மாப்பிள்ளை, பிச்சைமணி. இந்தத் தடவையும் ஓரத்தில் இடம் இருந்தது. வயர் நல்ல வயர். உன் அக்கா ஆறு நாளாக என்னைத் திட்டவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

துபாய்
24 நவம்பர் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், வயிற்றுப் புண் நன்றாக அடங்கிவிட்டது. நேற்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வயரைக் குறை சொல்லாதே. நாற்பது மீட்டரிலும் அதில் நஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் அனுப்பினேன். உன் பக்கம் பெட்டியின் பின்னால் சிவப்பும் கறுப்பும் சரியாக மாட்டியிருக்கிறதா பார். குமிழ் சரியான பக்கம் திரும்பியிருக்கிறதா பார். இரண்டும் சரி என்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒரு இடம்தான். அந்த முனையில் ஸ்பீக்கரின் முதுகில் வயர் மாட்டுகிற திருகு. அது தளர்ந்திருந்தால் என்ன போட்டாலும் கேட்காது.

அதைத் துபாயிலிருந்து என்னால் பார்க்க முடியாது. நம் வீட்டிலிருந்து உன்னாலும் பார்க்க முடியாது. திருப்புளியை எடுத்துக்கொண்டு யாராவது அந்த முனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். சிவராமகிருஷ்ணனைக் கூப்பிடாதே, மாட்டியவனே அவன்தான், தன் தப்பு தனக்குத் தெரியாது. அத்தானையும் அனுப்பாதே, நம் வீட்டில் கேசட்டைப் போட அவர் வேண்டும். நீ போ அக்கா. கேசட் ஓடும்போதே திருகை முடுக்கிப் பார்.

ஓமனாவிடமிருந்து கடிதம் வந்தது. ஆறு பக்கம். என்ன எழுதியிருக்கிறாள் என்று நான் உன்னிடம் சொல்ல மாட்டேன், ஒருவருக்குச் சொன்னது இன்னொருவர் காதில் விழுந்து நாம் பட்டது போதும்.

செல்லதுரை

மட்டாஞ்சேரி
12 டிசம்பர் 1982

என் அருமைத் தம்பி செல்லதுரைக்கு,

அக்கா நன்றாக இருக்கிறேன். அத்தான் இருமலும் நின்றது, கடைசியில் துண்டு கட்டிக்கொண்டார். அது யார் சொல்லி என்று பிறகு எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசித்ததும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிவிட்டுத் திருப்புளியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். "நான் அங்க போய்ச் சேர்ந்ததும் போடுங்க" என்று அத்தானிடம் சொல்லிவிட்டு இறங்கினேன். கிணற்றடி வந்ததும் கால் நின்றது. கையில் குடம் இல்லை, திரும்பிப் போக ஒரு காரணமும் இல்லை. லோகாம்பாள் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒயரு ரிப்பேரு" என்று அவள் கேட்காமலே சொல்லிவிட்டு நடந்தேன்.

காளியம்மைதான் கதவைத் திறந்தாள். ஓமனா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், எழுந்து சுவரோரமாக நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஸ்பீக்கர் எங்க? திருகு லூசாம், செல்லதுரை எழுதியிருக்கான்" என்றேன்.

ஸ்பீக்கரைத் துடைத்து, தையல் போட்ட துணி விரித்து, ஸ்டூலில் வைத்திருந்தாள். அதற்கு முன்னால் ஒரு பாய். பாய்க்குப் பக்கத்தில் குடித்துவைத்த சாயா கிளாஸ். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, ஸ்பீக்கரைத் திருப்பி, திருப்புளியை வைத்து முடுக்கினேன். திருகு இம்மியும் அசையவில்லை. கல் மாதிரி இறுகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தான் போட்டுவிட்டார்.

என் குரல் என் முகத்துக்கு நேரே வந்தது செல்லதுரை. நான் மூச்சு இழுத்தது முதற்கொண்டு கேட்டது. "ஓமனா, நான் ஆவுடை பேசுதேன். அன்னிக்கு நாலு பேர் முன்னால உன்னைச் சொன்னது தப்பு. நீ சொல்லிக் குடுத்து அவன் பேசலைன்னு எனக்கு அப்பவே தெரியும். எனக்கு வலிச்சுது, அந்த வலியை உன் தலையில இறக்கி வச்சேன். நீ என்னை மயினின்னு கூப்பிட்டு எத்தனை நாளாச்சு. வீட்டுக்கு வா. வர மனசில்லைன்னா சாப்பிட்டியான்னாவது சொல்லி அனுப்பு." நடுவில் ஒரு இடத்தில் நான் மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. நீ அனுப்பிய வயர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

காளியம்மை ஏதோ அடுப்பில் கருகுகிறது என்று ஓடிவிட்டாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. நான் திருப்புளியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆறு நாளும் கேட்டிருக்கிறாள், அதற்கு அப்புறம் போட்ட நாளெல்லாமும் கேட்டிருக்கிறாள். பாய் விரித்து, சாயா வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள், கள்ளி. கேட்டது என்று சொன்னால் நான் நம் வீட்டிலேயே நின்றுவிடுவேன், நேரில் வரமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். உன் ஆறு பக்கக் கடிதத்தில் அதுதானே இருந்தது? நீயும் கூட்டு.

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் தண்ணீர், உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இப்பக் கேக்குதா?" என்றேன்.

"இப்பக் கேக்குது மயினி" என்றாள்.

எழுந்திருக்க முடியவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. அவள்தான் கை கொடுத்துத் தூக்கினாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம், அதை எழுத மாட்டேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடனே வந்துவிட்டாள் என்று நினைக்காதே. அவளும் ஒரு மனுஷிதானே. காலையில் வருகிறாள், சேர்ந்து சமைக்கிறோம், அத்தானுக்குத் துண்டைக் கட்டிவிட்டு அனுப்புவது அவள்தான், அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை. சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறாள். போன பிறகு அவள் பக்கம் குமிழைத் திருப்பிப் பாட்டுப் போடுகிறேன். சத்தம் போதவில்லை என்றால் வாசலில் வந்து கையைத் தூக்குவாள், நான் கூட்டுவேன். நேற்று என்னைப் பார்த்து, "மயினி வாயைக் கொஞ்சம் கொறச்சா பாட்டு இன்னும் நல்லாக் கேக்கும்" என்று தெருவே கேட்கக் கத்தினாள். கிடங்கு ஆட்கள் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தனி வீட்டு விஷயம். அவள் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டாள், அவள் முகம் பார்த்தே எனக்குத் தெரிகிறது. நான் புதுப்பெண்ணாக இருந்தபோது எனக்கும் அந்த ஆசை இருந்தது, எனக்குக் கேட்க ஆள் இல்லை. ஆகவே மார்ச்சில் நீ வந்ததும் முதல் காரியமாக வீடு பார். நான் மனதாரச் சொல்கிறேன். தோப்பும்படி, வைட்டிலா என்று அலையாதே. வயரில் இன்னும் முப்பத்தெட்டு அடி சுருட்டி வைத்திருக்கிறேன், அளந்தாயிற்று. எல்லாம் சேர்த்து நூற்றுமுப்பது அடிக்குள் எந்த வீடாக இருந்தாலும் சரி. அதற்குமேல் ஓர் அடிகூடப் போகக்கூடாது.

அக்கா